கெட்டிமேளம் கேட்டா டிஸ்ப்ளேவை மறந்துடுங்க! - கேமரா திரையை எப்போ பார்க்கணும், எப்போ பார்க்கக் கூடாது?

ஒரு க்ளிக். உடனே தலை குனியும். கேமராவின் பின்பக்கத் திரையில் ரெண்டு விநாடி பார்வை. 'சூப்பரா வந்திருக்கே' என்று மனசுக்குள் ஒரு சபாஷ். அப்புறம்தான் தலை நிமிரும். கேமரா வாங்கிய முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது. மொபைலில் எடுப்பவர்களும் விதிவிலக்கில்லை. மூலையில் தெரியும் குட்டிப் படத்தைத் தட்டிப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போக நமக்கு மனசே வராது.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? பார்ப்பதில் தப்பே இல்லை. பார்க்கும் நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் குனிந்திருக்கும் அந்த ரெண்டு விநாடியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிடலாம். கற்பூரம் ஏறி இறங்கிவிடலாம். நாரை கூட்டிலிருந்து பறந்துவிடலாம். அதே சமயம், திரையைப் பார்க்கவே மாட்டேன் என்று வீராப்பாக இருந்து, முந்தின நாள் இரவு வைத்த ஐ.எஸ்.ஓ-விலேயே அடுத்த நாள் வெயிலில் 200 படம் எடுத்துத் தள்ளுவதும் நடக்கும். ரெண்டுமே நஷ்டம்தான்.

அப்படியென்றால், எப்போது பார்ப்பது? ஒரே வரியில் சொல்லிவிடலாம்: திரும்ப எடுக்க முடிகிற படத்துக்கு எப்போது வேண்டுமானாலும் பாருங்கள், திரும்ப வராத தருணத்துக்கு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இந்த ஒரு வரியை எப்படிப் பழக்கமாக்குவது என்பதுதான் மீதிக் கட்டுரை.

குரங்குச் சேட்டைன்னு பேர் வெச்சவங்க!

எடுத்த படத்தை உடனுக்குடன் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'சிம்ப்பிங்' என்று கிண்டலாக ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் 'யூஎஸ்ஏ டுடே' நாளிதழ் புகைப்படக்காரர் ராபர்ட் டாய்ச், 1999-ல் விளையாட்டுப் புகைப்படக்காரர்களுக்கான மின்மடல் ஒன்றில் இந்த வார்த்தையைப் பயன்படுத்தி எழுதினார். திரையைப் பார்த்து 'ஊ... ஊ...' என்று வாய்பிளப்பது சிம்பன்ஸி சத்தம் போடுவது மாதிரி இருக்கிறதாம்!

இந்தப் பழக்கத்துக்கு வயசு ரொம்ப அதிகமில்லை. பின்னால் எல்.சி.டி திரையோடு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் கேமரா, கேஸியோ நிறுவனத்தின் க்யூவி-10. வந்த வருடம் 1995. திரையின் அளவு வெறும் 1.8 இன்ச். அதற்கு முன்பு, சாதாரண ஃபிலிம் கேமராவில் எடுத்த படத்தை அங்கேயே பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. 36 படம் கொண்ட ஃபிலிம் ரோல் முழுக்க எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்து, கழுவி வந்த பிறகுதான் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்பதே தெரியும்.

அதனால் அந்தக் கால ஆட்கள் சோதித்துப் பார்க்காமல் எடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மீட்டரை வைத்து வெளிச்சத்தை அளந்தார்கள். பெரிய ஸ்டூடியோக்களில், கேமராவின் பின்பக்கத்தில் போலராய்டு மாட்டி ஒரு சோதனைப் படம் எடுத்து, லைட்டைச் சரிசெய்த பிறகுதான் ஃபிலிமை மாட்டினார்கள். கவனியுங்கள், சோதனை முடிந்த பிறகுதான் நிஜப் படம். நாம் இன்று அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். நிஜப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சோதனை செய்கிறோம்.

கேமரா கம்பெனிகளுக்கும் இது தெரியும். லைக்கா நிறுவனம் 2016-ல் எம்-டி என்ற டிஜிட்டல் கேமராவை, பின்னால் திரையே இல்லாமல் வெளியிட்டது. ஃபியூஜிஃபிலிம் 2019-ல் கொண்டுவந்த எக்ஸ்-ப்ரோ 3 கேமராவில் திரை உள்பக்கமாக மூடியிருக்கும். வேண்டுமென்றால் கதவு மாதிரி திறந்து பார்க்கணும். நமக்கு அதற்கெல்லாம் செலவு செய்யத் தேவையில்லை. எங்கே, எப்போது என்று தெரிந்தால் போதும்.

அதற்கு ஒரு ஊர்ப்பக்கம் போய் வரலாம். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டாரம். கல்வெட்டு, பறவை, திருவிழா, கல்யாணம் என்று புகைப்படக்காரருக்கு வேண்டிய எல்லாமே ஒரு பைக் பயணத்துக்குள் இருக்கிற இடம். ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்க்கும் கணக்கு வேறு வேறு.

கல்வெட்டு: ஒவ்வொரு படத்துக்கும் பாருங்க

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 மற்றும் 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்பவை. ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கும் கல், நீங்கள் திரையைப் பார்க்கும் நேரத்தில் எங்கும் ஓடிவிடாது. அதனால் இங்கே ஒவ்வொரு க்ளிக்குக்கும் பாருங்கள். பெரிதாக்கிப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்திருக்கிறதா என்று. கல்வெட்டுக்கு நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்வாக வரும் வெளிச்சத்தில்தான் எழுத்து எழும்பித் தெரியும். நின்ற இடத்திலிருந்து நாலு அடி நகர்ந்து ஒரு படம், திரையில் ஒப்பிடு, மறுபடி நகர். இந்த மாதிரி இடத்தில் திரை உங்களுக்கு ஆசிரியர்.

இதன் அருமை புரியணும்னா லினேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியை நினைத்துப் பார்க்கணும். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர், 1858 வாக்கில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 20-க்கும் மேற்பட்ட படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். திரையும் இல்லை, 'அன்டூ'வும் இல்லை. ரசாயனத்தில் கழுவிய பிறகுதான் படம் விழுந்ததா என்றே தெரியும். உங்கள் கையில் இருக்கும் வசதி அவருக்குக் கிடைத்திருந்தால் நிச்சயம் விட்டிருக்க மாட்டார்.

பறவை: உட்கார்ந்தா பாருங்க, பறந்தா விடுங்க

சீசனில் வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் லென்ஸோடு போகிறவர்கள் பலர். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று மரத்துக்கு மரம் கூட்டம். இங்கே பழக வேண்டிய விஷயம், பறவையின் தாளத்தோடு உங்கள் பார்வையைப் பொருத்துவது.

கூட்டில் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருக்கிறதா? இதுதான் உங்கள் சோதனை நேரம். ஒரு படம் எடுத்து, கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா, வெள்ளைச் சிறகில் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பறவைக்கு இது ரொம்ப முக்கியம். பின்னால் இருட்டான மரம் இருந்தால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தை ஏற்றிவிடும். சிறகு வெள்ளைத் தாளாகிவிடும். கொஞ்சம் குறைத்து வையுங்கள், மறுபடி ஒரு சோதனை. அவ்வளவுதான், திரை வேலை முடிந்தது.

குச்சியைக் கவ்விக்கொண்டு ஒரு நாரை கூட்டை நோக்கி வருகிறதா? வந்து இறங்கி, குச்சியைச் சொருகி, ஜோடி ரெண்டும் அமைதியாகும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. பர்ஸ்ட் மோடில் எடுத்த படங்கள் மெமரி கார்டில் எழுதி முடிய எப்படியும் சில விநாடி ஆகும். அவசரப்பட்டு ப்ளே பட்டனை அழுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

திருவிழா: சாமி வர்றதுக்கு முன்னாடி

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர் பெருநகர். அங்கே பிரம்மபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தின்போது சுற்றுவட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் பெருநகர் செய்யாற்றில் வந்து கூடும் விழா இந்தப் பக்கத்தில் பிரசித்தம். ஆற்று மணல், ஜனக்கூட்டம், சீரியல் விளக்கு, வரிசையாகச் சாமிகள். புகைப்படம் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

ஆனால், இங்கேதான் திரையைப் பார்க்கிற பழக்கம் அதிகம் காலை வாரும். தீபாராதனை எத்தனை நேரம்? சில விநாடிகள். அதிலும் சுடர் சாமி முகத்துக்கு நேராக வரும் நொடி ஒன்றோ ரெண்டோதான். முதல் க்ளிக்கைப் பார்க்கக் குனிந்தீர்கள் என்றால், நிமிரும்போது தீபத் தட்டு பக்தர்களிடம் வந்திருக்கும்.

அதனால் வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள். சாமி வந்து நிற்கப்போகும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே நிற்கும் யாராவது ஒருவர் முகத்தை வைத்து, அதே விளக்கு வெளிச்சத்தில் சோதனைப் படம் எடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

முகத்தில் வெளிச்சம் போதுமா என்பது முதலாவது. ரெண்டாவது, எல்.இ.டி விளக்குப் பட்டை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை அதிகமாக வைத்தால், குறிப்பாகச் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே கோடு கோடாக இருட்டுப் பட்டை விழும். சோதனைப் படத்தில் பட்டை தெரிந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோளாறைத் திரைதான் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, எதெல்லாம் வெளுத்துப்போகிறது என்பது. தீபச் சுடர் வெளுத்தால் கவலை வேண்டாம், நெருப்பு அப்படித்தான் இருக்கும். சாமியின் முகமும் அலங்காரமும் வெளுத்தால்தான் சரிசெய்யணும்.

இந்த மூன்றும் சரியென்றால், மேளம் உச்சத்துக்குப் போகும்போது கண் வ்யூஃபைண்டரிலேயே இருக்கட்டும். சாமி அடுத்த இடத்துக்குக் கிளம்பும் நேரம்தான் உங்கள் அடுத்த இடைவேளை.

கல்யாணம்: புடவை மாத்தப் போகும் நேரம் உங்க நேரம்

உண்மையிலேயே வயிற்றுப்பிழைப்பு சம்பந்தப்பட்ட இடம் இதுதான். நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு ஆசையாக எடுப்பதில் தொடங்கி, சின்ன ஆர்டர், பிறகு பெரிய ஆர்டர் என்று வளரும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆல்பத்தில் 300 படம் அழகாக இருந்தாலும், தாலி கட்டும் படம் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று கேட்கலாம்தான். கேட்கிற போட்டோகிராபர்களும் இருக்கிறார்கள். ஆனால், முதல் முறை அந்தப் பெண்ணின் கண்ணில் வந்த நீர் ரெண்டாவது முறை வராது.

நல்ல செய்தி என்னவென்றால், நம் கல்யாணத்திலேயே திரை பார்க்க வசதியான இடைவேளைகள் இருக்கின்றன. பெண் கூறைப்புடவை மாற்றிக்கொள்ளப் போகும் நேரம் பெரிய இடைவேளை. அதுவரை எடுத்ததையெல்லாம் பார்க்க, பேட்டரி மாற்ற, கார்டில் இடம் இருக்கிறதா என்று கவனிக்க இதுவே சரியான நேரம். அதன்பிறகு, தாலித் தட்டு பெரியவர்களின் ஆசீர்வாதத்துக்காக மண்டபத்தைச் சுற்றி வரும். அதையும் எடுக்கணும், ஆனால் அதற்கு நடுவிலேயே மணமேடையை நோக்கி ஒரு கடைசிச் சோதனைப் படம் எடுத்துவிடுங்கள். வீடியோ லைட் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் இடம் மாறும். அரை மணி நேரம் முன்பு வைத்த செட்டிங் செல்லாமல் போயிருக்கலாம்.

கெட்டிமேளம் தொடங்கிவிட்டதா? இனி திரை இல்லை. மூணு முடிச்சு, நாத்தனார் கை, அட்சதை, அம்மா அப்பா முகம் என்று எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள். அட்சதை போட நீளும் கைகளும், உயரத் தூக்கிய மொபைல்களும் உங்கள் ஃபோகஸை இழுக்கும். அதைச் சமாளிக்க ஒரு படத்துக்குப் பதில் ஐந்து படம் எடுங்கள், நாலைந்து இன்ச் நகர்ந்து எடுங்கள். எடுத்ததைப் பார்ப்பதைவிட இன்னொன்றை எடுப்பது அந்த நிமிஷத்தில் பாதுகாப்பு.

இதற்கு நேர் எதிர், குடும்ப குரூப் போட்டோ. இங்கே கட்டாயம் பார்த்தே ஆகணும். நாற்பது பேர் மேடையில் நிற்கிறார்கள். பந்திக்குப் போகும் அவசரத்தில் கலைந்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. 'ஒரு நிமிஷம் அப்படியே இருங்க' என்று சொல்லிவிட்டு, பெரிதாக்கி, வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். கண் மூடியவர், பின்வரிசையில் மறைந்தவர், தலை திருப்பிய குழந்தை. பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடிக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். தாத்தாவின் முகம் மறைந்திருப்பதை ஆல்பத்தில் பார்த்தால்தான் கோபப்படுவார்கள்.

திரையும் பொய் சொல்லும்

சரியான நேரத்தில் பார்த்தால் மட்டும் போதாது. திரை எங்கெல்லாம் ஏமாற்றும் என்றும் தெரிந்திருக்கணும்.

முதல் ஏமாற்று, ஷார்ப்பாகத் தெரிவது. பல கேமராக்களின் திரை சுமார் 10.4 லட்சம் புள்ளிகள் கொண்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று புள்ளி சேர்ந்துதான் ஒரு பிக்ஸல். ஆக, திரையில் இருப்பது சுமார் 3.5 லட்சம் பிக்ஸல். நீங்கள் எடுத்த 24 மெகாபிக்ஸல் படத்தில் இருப்பது 2.4 கோடி. ஏறக்குறைய 70 பிக்ஸலை நசுக்கி ஒன்றாக்கிக் காட்டுகிறது திரை. லேசான கை நடுக்கமும் ஃபோகஸ் பிசகும் அதில் காணாமல் போய்விடும். அதனால் முழுப் படத்தைப் பார்த்து 'ஷார்ப்' என்று முடிவு செய்யாதீர்கள். கண் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பட்டனில் ஃபோகஸ் புள்ளிக்குப் பெரிதாகும் வசதி பல கேமராக்களில் உண்டு. செட்டிங்ஸில் ஒரு தடவை வைத்துவிட்டால் போதும்.

ரெண்டாவது ஏமாற்று, வெளிச்சம். இருட்டில் திரை பளிச்சென்று இருக்கும். அதனால் குறைவான வெளிச்சத்தில் எடுத்த இரவுப் படமும் பிரகாசமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் கருப்பாக இருக்கும். மதிய வெயிலில் இது தலைகீழ். நல்ல படமே திரையில் மங்கலாகத் தெரிந்து, தேவையில்லாமல் வெளிச்சத்தை ஏற்றுவீர்கள். கண்ணை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மலை மாதிரி இருக்கும் அந்த வரைபடம் வலது சுவரில் போய் அப்பிக்கொண்டால், அந்த இடத்தில் விவரம் போய்விட்டது என்று அர்த்தம்.

அதிலும் நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. அரக்குச் சிவப்புக் காஞ்சிப்பட்டு எடுக்கும்போது சாதாரண ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும். ஆனால், சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். நெசவும் மடிப்பும் தெரியாமல் புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஆன் செய்து, சிவப்பு சுவரைத் தொட்டால் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.

மூன்றாவது, நீங்கள் 'ரா' ஃபைலாக எடுத்தாலும் திரையில் தெரிவது கேமரா தனக்குத்தானே தயாரித்த ஜேபெக் வடிவம்தான். ஹிஸ்டோகிராமும் அதை வைத்துத்தான். ஆகவே 'ரா'வில் இன்னும் கொஞ்சம் விவரம் மீட்க முடியலாம். திரையில் தெரியும் நிறத்தைப் பார்த்து அங்கேயே மனசு உடைய வேண்டாம்.

வெயிலில் திரையே தெரியவில்லையா? தோளில் கிடக்கும் துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பாருங்கள். பழைய ஸ்டூடியோ கேமராக்காரர் கருப்புத் துணிக்குள் நுழைந்த அதே டெக்னிக்தான். மிரர்லெஸ் கேமராவென்றால் வ்யூஃபைண்டருக்குள்ளேயே எடுத்த படத்தைப் பார்க்கலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டிய நேரங்கள்

புது இடத்துக்கு வந்ததும் முதல் படம். வெளிச்சம் மாறியதும், அதாவது மேகம் மூடினாலோ, வெளியிலிருந்து மண்டபத்துக்குள் வந்தாலோ ஒரு படம். லென்ஸ் மாற்றியதும், ஃப்ளாஷ் மாட்டியதும் ஒரு படம். மிரர்லெஸ்ஸில் எடுப்பதற்கு முன்பே வெளிச்சம் வ்யூஃபைண்டரில் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஃப்ளாஷ் வெளிச்சம் முன்கூட்டித் தெரியாது. கேமராவைப் பையில் போட்டு எடுத்ததும் ஒரு படம், ஏனென்றால் டயல் நகர்ந்திருக்கலாம். கடைசியாக, கிளம்புவதற்கு முன் ஒரு முறை. பஸ் ஏறிய பிறகு பார்த்து என்ன பயன்?

பார்க்கும்போது இந்த வரிசை: முதலில் வெளிச்சம், அடுத்து ஃபோகஸ், அப்புறம் படத்தின் நாலு ஓரம். தலைக்கு மேல் கம்பம் முளைத்திருக்கிறதா, ஓரத்தில் யாருடைய கையாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? ஐந்து விநாடியில் முடிந்துவிடும். 'எவ்வளவு அழகா இருக்கு' என்று ரசிப்பது வேறு வேலை. அதை வீட்டில் டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

இன்னொன்று, எடுத்ததும் தானாகவே படம் திரையில் வந்து நிற்கும் 'இமேஜ் ரிவ்யூ' வசதியை விழா நேரத்தில் ஆஃப் செய்துவிடுங்கள். படம் வந்தால் கண் போகத்தான் செய்யும். சில மிரர்லெஸ் கேமராக்களில் அது வ்யூஃபைண்டருக்குள்ளும் வந்து, எதிரே நடப்பதையே மறைத்துவிடும். பேட்டரியும் மிச்சம்.

அங்கேயே டெலீட் பண்ணாதீங்க

திரையைப் பார்த்ததும் வரும் அடுத்த ஆசை, பிடிக்காததை அழிப்பது. வேண்டாம். சின்னத் திரையில் சுமாராகத் தெரிந்தது பெரிய திரையில் நன்றாக இருக்கலாம். கண் மூடிய குரூப் போட்டோவில் இருக்கும் ஒருவரின் நல்ல முகத்தை இன்னொரு படத்தில் ஒட்டவைக்க உதவலாம். அவசரத்தில் விரல் தவறி நல்ல படமும் போகலாம். அப்படி ஒன்று தவறிப்போய் அழிந்துவிட்டால், அந்த கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் உடனே கழற்றி வையுங்கள். மேலே வேறு படம் பதியாதவரை மீட்பு மென்பொருள் மூலம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. யாராவது 'என்னை எடுக்காதீங்க' என்று சொன்னால், அவர் எதிரிலேயே திரையைக் காட்டி அழித்துவிடுங்கள். எந்தப் படமும் ஒருவரின் விருப்பத்தைவிடப் பெரிசு இல்லை.

மொபைலில் எடுப்பவர்களுக்கு

மொபைலில் எடுத்ததைப் பார்க்க கேலரிக்குள் போனால், கேமராவிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் காத்திருக்கும். ஸ்டேட்டஸ் போடலாம் என்று தோன்றும். தேர் தெருமுனை திரும்பிவிடும். ஸ்டேட்டஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

முதல் படம் எடுத்ததும் ஒரு தடவை மட்டும் பாருங்கள். விளக்குகளைச் சுற்றிக் கோடு கோடாக இழுத்த மாதிரி இருந்தால், லென்ஸில் கைரேகை எண்ணெய் இருக்கிறது. வேட்டி நுனியில் துடைத்தாலே சரியாகும். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தால் ஜிமிக்கியும் மல்லிகைப்பூவும் பின்னணியோடு சேர்ந்து மங்கிவிட்டதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அந்த ஓரங்களில்தான் மொபைல் தடுமாறும். நைட் மோட் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால், க்ளிக் செய்த உடனே தெரிவது இறுதிப் படம் இல்லை. ஒரு கணம் கழித்துத்தான் சரியாகும். ஆடும் ஆளை நைட் மோடில் எடுத்தால் பேய் மாதிரி இழுபடும் என்பதையும் முதல் படத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஸ்டோரேஜ் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அவங்களுக்கும் காட்டுங்க

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் பார்ப்பதைப் பற்றி. திரைக்கு இன்னொரு நல்ல உபயோகம் இருக்கிறது. வயல் வரப்பில் ஒரு பாட்டியைப் படம் எடுக்கிறீர்கள். 'எங்க, எனக்குக் காட்டுப்பா' என்று கேட்பார். அப்போது கண்டிப்பாகக் காட்டணும். பெரிதாக்கி, அவருக்கு வெயில் படாமல் கையை வைத்து மறைத்துக் காட்டுங்கள். 'கிழவியாயிட்டேனே' என்று சிரிப்பார். கேமராவைப் பார்த்து விறைத்திருந்த முகம் அதற்குப் பிறகுதான் இளகும். பெரும்பாலும் அதற்கு அடுத்து எடுக்கும் படம்தான் நல்ல படமாக இருக்கும். அந்தப் படத்தை வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது அனுப்பிவிட்டு வந்தால், அடுத்த முறை அந்த ஊரில் உங்களுக்கு மோர் நிச்சயம்.

ஒரு மணி நேரப் பயிற்சி

இதெல்லாம் படித்தால் வராது, பழகணும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு சந்தைக்கோ, ஏரிக்கரைக்கோ கிளம்புங்கள். திரை மேல் ஒரு துண்டு அட்டையை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பழைய ஃபிலிம் ரோல் மாதிரி 36 படம் மட்டும். ஒவ்வொரு படம் எடுத்ததும் 'இது வெளிச்சம் கூடுதல், இது ஃபோகஸ் சரி' என்று மனசுக்குள் நீங்களே மார்க் போடுங்கள். 36 முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு, உங்கள் மார்க்கும் திரையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

முதல் தடவை பாதிகூடப் பொருந்தாமல் போகலாம். நாலைந்து வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். திரையைப் பார்க்காமலேயே படம் எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தெரிந்துவிட்டால், எப்போது பார்க்கணும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. அதற்குள் அடுத்த முகூர்த்த சீசன் வந்துவிடும். கூறைப்புடவை மாற்றப் போகும் நேரத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, மேளம் உயரும்போது நீங்கள் நிமிர்ந்து நிற்பீர்கள்.